தொண்டையில் அடைத்தால் உடனே என்ன செய்வது?
ரொட்டித் துண்டோ இறைச்சியோ தொண்டையில் அடைத்தவர் பலமாக இருமினால் இருமவே விடுங்கள். சத்தமே வராமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டால் காத்திருக்காதீர்கள்: முன்னே குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள், அப்படியும் வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேல்நோக்கியும் 5 முறை இழுத்து அமுக்குங்கள், வெளியே வரும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். கர்ப்பிணிக்கும் ஒரு வயது ஆகாத குழந்தைக்கும் வயிற்றை அமுக்கவே கூடாது, நெஞ்சின் நடுவேதான். தண்ணீர் கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாததை விரலால் தோண்டவும் வேண்டாம், இன்னும் உள்ளே போய்விடும்.

தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) அம்பியுலன்ஸ் ஏறிவர நேரமாகும், அதனால் ஒருவர் தட்டும்போதே இன்னொருவர் இலங்கையின் அம்பியுலன்ஸ் இலக்கமான 1990க்கு கோல் அடிக்கட்டும், அது இலவசம்தான், தோட்டத்தின் பெயரோடு அதன் எந்த டிவிஷன் (பிரிவு) என்பதையும் சொல்லுங்கள். மயங்கிவிட்டால் தரையில் கிடத்தி, அம்பியுலன்ஸ் வரும்வரை நெஞ்சை வேகமாக அமுக்குங்கள். சரியாகிவிட்டாலும், வயிற்றை அமுக்கியிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள்.