ஸ்னைப்-ஐடியை என்8என்-உடன் இணைக்கும்போது

அலுவலக லேப்டாப், மானிட்டர் கணக்கை ஸ்னைப்-ஐடி மென்பொருளில் வைத்திருந்தால், வேலைகளைத் தானியக்கமாக்கும் கருவியான என்8என்-உடன் அதை இணைக்க, எச்டிடிபி ரிக்வெஸ்ட் நோடு (இணைய அழைப்பு அனுப்பும் படி) ஒன்றே போதும்.

ஸ்னைப்-ஐடி கேட்கும் டோக்கனை (ஏபிஐ கீ, அதாவது அழைப்பவரை அடையாளம் காட்டும் ரகசியச் சாவி) உங்கள் அட்மின் கணக்கில் எடுக்காதீர்கள். இதற்கென்றே ஒரு யூசரை உருவாக்கி, தேவையான அனுமதிகளோடு ஏபிஐ கீ உருவாக்கும் அனுமதியையும் கொடுங்கள். டோக்கன் ஒரே ஒரு முறைதான் திரையில் தெரியும். அப்போதே என்8என்-இன் கிரெடென்ஷியலில் (ரகசியச் சாவிகளைச் சேமிக்கும் இடம்), பேரர் டோக்கன் வகையாக, சேமித்துவிடுங்கள்.

அழைப்போடு போகும் ஹெடர்களில், டோக்கனைச் சுமக்கும் ஆத்தரைசேஷனோடு அக்செப்ட் ஹெடரையும் சேர்த்து, அதில் ஜேசான் வகையைக் குறிப்பிடுங்கள். அதை விட்டுவிட்டால், டோக்கனில் சிக்கல் வரும்போது பிழைச் செய்திக்குப் பதில் லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல் வந்து நிற்கும்.

பலரும் வழுக்கி விழும் இடம் வேறு. ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கும் லேப்டாப்பை இன்னொருவர் பெயரில் செக்அவுட் செய்யச் (ஒப்படைத்ததாகப் பதியச்) சொன்னால், ஸ்னைப்-ஐடி மறுக்கும். ஆனால் எச்டிடிபி குறியீடு 200 (வெற்றி) என்றே வரும். என்8என் பச்சை டிக் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். எனவே அடுத்து ஓர் இஃப் நோடு (நிபந்தனை சரிபார்க்கும் படி) வையுங்கள். பதிலில் உள்ள ஸ்டேட்டஸ் 'சக்ஸஸ்' என்றால் மட்டும் மேலே போகட்டும். இல்லையேல் மெசேஜஸ் புலத்தில் உள்ளதை அப்படியே ஐடி குழுவுக்கு மெயில் அனுப்புங்கள். காரணம் அதில்தான் இருக்கும்.

முழுப் பட்டியலும் ஒரே அழைப்பில் வராது. லிமிட் (ஓர் அழைப்பில் வரும் எண்ணிக்கை) 500 என வைத்து, ஆஃப்செட்டை (எத்தனையைத் தாண்டித் தொடங்குவது) 0, 500, 1000 என்று நகர்த்தி, பதிலில் உள்ள டோட்டல் எண்ணை எட்டும்வரை எடுங்கள். இயல்பான உச்சவரம்பு நிமிடத்துக்கு 120 அழைப்புகள்; தாண்டினால் 429 பிழை. எச்டிடிபி ரிக்வெஸ்ட் நோடின் பேட்சிங் (தொகுதிகளாக அனுப்பும்) அமைப்பில் 10 உருப்படிகள், 6000 மில்லிசெகண்ட் இடைவெளி வைத்தால் நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டாது.