ஜகாத் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

வங்கியில் புது ஐம்பது ரூபாய்க் கட்டு மாற்றி வைத்துக்கொண்டு, ரமலான் கடைசிப் பத்து நாளில் வாசலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டால் ஜகாத் முடிந்தது என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஜகாத் என்பது வசதியுள்ள முஸ்லிம் தன் சேமிப்பிலிருந்தும் சரக்கிலிருந்தும் வருடத்துக்கு ஒரு முறை இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டிய கடமை. தொழுகையில் ரக்அத்தை எண்ணுகிறோம், நோன்புக்கு ஸஹர் நேரத்தை நிமிடக் கணக்கில் பார்க்கிறோம், ஜகாத்துக்கு மட்டும் ஒரு தோராயம். மற்ற தவறுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஜகாத் ஏழையின் பங்கு. எவ்வளவு என்றே தெரியாமல் எப்படிக் கொடுத்து முடிப்பது?

முதலில் நிஸாப், அதாவது ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு. தங்கத்தில் 85 கிராம், அதாவது பத்தரைப் பவுனுக்குக் கொஞ்சம் கூட. வெள்ளியில் 595 கிராம். (சில மார்க்க அறிஞர்கள் 87.5, 612 என்று சற்றுக் கூட்டிச் சொல்வார்கள்.) "என்னிடம் பதினோரு பவுன் இல்லை, எனக்கு ஜகாத் இல்லை" என்று சொல்பவரின் வங்கிக் கணக்கில் மூன்று லட்சம் கிடக்கும். ரொக்கத்துக்கு வெள்ளி நிஸாபைப் பார்க்க வேண்டும் என்பதுதான் பல அறிஞர்களின் கருத்து, அதில்தான் ஏழைக்கு நன்மை.

ஜகாத்துக்கு வருடம் என்பது ஹிஜ்ரி வருடம், அதாவது பிறைக் கணக்கு, சுமார் 354 நாள். கடைக் கணக்கோடு சேர்த்து மார்ச் 31 அன்று முடிக்கிறவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் 11 நாள் நழுவும். ஏறக்குறைய 33 வருடத்தில் ஒரு வருட ஜகாத்தே விடுபட்டுப்போகும். ரமலானில்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. உங்கள் வருடம் ரஜப் மாதத்தில் முடிகிறதா, ரஜபிலேயே கொடுங்கள்.

நகை விஷயம் கொஞ்சம் நுணுக்கம். ஹனஃபி மத்ஹபில் (சட்ட வழியில்) அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு. ஷாஃபிஈயில் வழக்கமாக அணியும் பெண்களின் நகைக்கு இல்லை. தமிழ்நாட்டில் இரண்டு மத்ஹபும் இருப்பதால், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஹனஃபியிலிருந்து ஷாஃபிஈ பக்கம் தாவுகிறவர்களைப் பார்க்கிறோம். வேண்டாம். அப்புறம், மனைவியின் நகைக்கு ஜகாத் மனைவியின் கடமை. கணவர் அவருடைய சம்மதத்தோடு கொடுக்கலாம், தாராளமாக.

கடைக்காரர்கள் சரக்கை வாங்கிய விலைக்குக் கணக்கிடுகிறார்கள். இன்றைய விற்பனை விலையைப் போட வேண்டும். சரக்கு 6 லட்சம், கையிருப்பு 1 லட்சம், வரும் என்று நம்பிக்கையுள்ள பாக்கி 1 லட்சம் என்றால் மொத்தம் 8 லட்சம், இரண்டரை சதவீதம் 20,000 ரூபாய். அலமாரி, தராசு, ஃப்ரிட்ஜ் இதில் சேராது. நீங்கள் கொடுக்க வேண்டிய கடனை ஹனஃபியில் கழிப்பார்கள், ஷாஃபிஈயில் கழிப்பதில்லை. குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை, ஆனால் விற்று லாபம் பார்க்கவே வாங்கிப் போட்ட மனைக்கு வருடா வருடம் உண்டு. இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

சரி, யாருக்கு? குர்ஆனில் சூரா தவ்பாவின் 60-ஆவது வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது. பெற்றோர், பிள்ளைகள், மனைவி ஆகியோரின் செலவு ஏற்கெனவே உங்கள் பொறுப்பு என்பதால் அவர்களுக்கு ஏழை என்ற பெயரில் கொடுக்க முடியாது. பள்ளிவாசல் மினாராவுக்கும் பெயின்ட்டுக்கும் ஜகாத் பணம் போகாது என்பதே நான்கு மத்ஹபுகளின் நிலை. அதற்கு ஸதகா, அதாவது விரும்பிக் கொடுக்கும் தர்மம், கொடுங்கள். கஷ்டப்படும் கூடப்பிறந்தவர்களுக்கும் சாச்சிக்கும் கொடுக்கலாம், ஜகாத் என்று சொல்லத் தேவையில்லை. நூறு பேருக்கு ஐம்பது ஐம்பதாகக் கொடுக்கும் 5,000 ரூபாய் யாருடைய வறுமையையும் தொடாது. தொழில் தெரிந்தவருக்கு அதற்கான கருவி வாங்கும் அளவு கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ அறிஞர் நவவி இமாம் எழுதியிருக்கிறார். ஒரு விதவைக்குத் தையல் மெஷின் வாங்கும் அளவு பணத்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள், அடுத்த வருடம் அவர் ஜகாத் கேட்டு வர வேண்டியிருக்காது. கூட்டம் கூட்டி வெயிலில் வரிசையில் நிற்கவைத்து, போட்டோ எடுத்துக் கொடுப்பது பெரிய அநியாயம். சொல்லிக்காட்டியும் நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று சூரா பகரா 264-இல் அல்லாஹ் சொல்கிறான்.

வராத கடனை "ஜகாத்தில் கழித்துக்கொள்" என்று தள்ளுபடி செய்வதையும் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. பணத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும், திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல்.

போன வருடங்களில் விட்டுப்போனதும் மன்னிக்கப்பட்டுவிடாது, அது கடனாக நிற்கிறது. பாஸ்புக்கையும் அந்தந்த வருடத் தங்க, வெள்ளி விலையையும் வைத்துக்கொண்டு, ஊர் ஆலிமிடம் (மார்க்கம் படித்தவரிடம்) உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் இந்த மாதத்திலிருந்து தவணையாகவாவது ஆரம்பியுங்கள்.