சூரியனுக்குப் பக்கத்தில் போனால் சூடு கூடுமா? காலநிலை பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது எந்த மாதம் என்று கேட்டுப் பாருங்கள். பலரும் மே, ஜூன் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அது ஜனவரி முதல் வாரம். அப்போது இடைவெளி சுமார் 14.71 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் அது 15.21 கோடியாகிவிடும். வட அரைக்கோளம் குளிரில் நடுங்கும் நேரத்தில்தான் பூமி சூரியனுக்குக் கிட்டே இருக்கிறது. ஆக, கோடையும் குளிரும் தூரத்தால் வருகின்றன என்பதுதான் முதலில் விட்டொழிக்க வேண்டிய எண்ணம்.

பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பது. சூரியன் பக்கம் சாய்ந்த அரைக்கோளத்தில் வெயில் செங்குத்தாக விழுகிறது, பகலும் நீள்கிறது. பலர் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவார்கள். சரி, தூரத்துக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. ஜூலையைவிட ஜனவரியில் பூமிக்குக் கிடைக்கும் வெயில் சுமார் 7 சதவீதம் அதிகம். அப்படியிருந்தும் பூமி முழுவதற்குமான சராசரி வெப்பநிலை ஜூலையில்தான் உச்சத்துக்குப் போகிறது. நிலப்பரப்பில் பெரும்பகுதி வடக்கே இருப்பதும், நிலம் கடலைவிட வேகமாகச் சூடாவதும்தான் இதற்குக் காரணம். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்ற தவறுகள் பாதி தானாகவே விலகிவிடும் என்பது என் கணிப்பு.

மலை உச்சி சூரியனுக்கு நெருக்கம்தானே, பிறகு ஏன் குளிர்கிறது என்ற கேள்வியும் அதே தூரக் குழப்பத்தில் பிறந்ததுதான். வெயில் பெரும்பாலும் காற்றை ஊடுருவி வந்து தரையைத்தான் சூடாக்குகிறது. காற்று சூடாவது தரையிலிருந்து. அந்தக் காற்று மேலே போகும்போது அழுத்தம் குறைந்து, விரிந்து, குளிர்கிறது. சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். நிலநடுக்கோட்டிலிருந்து மூன்றே டிகிரி தள்ளியிருக்கும் 5,895 மீட்டர் உயரக் கிளிமஞ்சாரோவின் உச்சியில் பனிப்பாறை இருப்பது இதனால்தான்.

நிலநடுக்கோடுதான் உலகிலேயே சூடான இடம் என்பதும் சரியல்ல. அங்கே மேகமும் மழையும் வெப்பத்துக்குக் கடிவாளம் போடுகின்றன. நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் சிங்கப்பூரில் பதிவான உச்ச வெப்பம் 37 டிகிரிதான். 36 டிகிரி வடக்கே இருக்கும் அமெரிக்காவின் டெத் வேலி பாலைவனப் பள்ளத்தாக்கில் கோடையில் 50ஐத் தாண்டுவது சர்வசாதாரணம்.

ஒரே அட்சரேகை என்றால் ஒரே காலநிலை என்று நினைப்பவர்கள் இரண்டு ஊர்களைப் பார்த்தால் போதும். நார்வேயின் பெர்கன் 60 டிகிரி வடக்கு, சைபீரியாவின் யாகுட்ஸ்க் 62. இரண்டுக்கும் கிடைக்கும் வெயிலில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஜனவரியில் பெர்கனின் சராசரி பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே. யாகுட்ஸ்கில் மைனஸ் 37ஐ ஒட்டி. ஜூலையிலோ யாகுட்ஸ்க்தான் அதிகச் சூடு. கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். கண்டத்தின் நடுப்பகுதிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இங்கே இன்னொரு அவசர முடிவு காத்திருக்கிறது: பெர்கனின் இதமான குளிருக்கு, அட்லாண்டிக்கில் வடக்கு நோக்கி வரும் வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டம் மட்டுமே காரணம் என்பது. நீரோட்டத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் கடல் கோடையில் சேர்த்துவைத்த வெப்பத்தை மேற்கிலிருந்து வீசும் காற்று கரைக்குக் கொண்டுவருவதும் அதே அளவு முக்கியம். வளைகுடா நீரோட்டமே எட்டாத கனடாவின் வான்கூவரிலும் குளிர்காலம் மிதமாகத்தான் இருக்கிறது. அங்கேயும் காற்று கடலைக் கடந்துதான் வருகிறது.

கடல் பக்கத்தில் இருந்தால் மழை வரும் என்பதற்கு வடக்குச் சிலியின் அரிக்கா துறைமுகம் நல்ல மறுப்பு. பசிபிக் கரையிலேயே இருக்கிறது. ஆண்டுச் சராசரி மழை 1 மில்லிமீட்டர்கூட இல்லை. தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் கடலை ஒட்டிய காற்றைக் குளிரவைக்கிறது. கீழே குளிர்காற்று, மேலே சூடான காற்று என்று அடுக்கு தலைகீழாகிவிடுவதால் ஈரம் மேலெழுந்து மழைமேகமாக வழியில்லை. அந்த அட்சரேகையில் காற்று மேலிருந்து கீழிறங்கும் போக்கில் இருப்பதும் மேகத்தைத் தடுக்கிறது. கிழக்கே அமேசான் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றை ஆண்டிஸ் மலைத்தொடர் மறித்துவிடுகிறது. மிஞ்சுவது கரையோரப் பனிமூட்டம்தான். இந்தப் பகுதியின் அடகாமா பாலைவனச் சரிவுகளில் பெரிய வலைகளைக் கட்டி, அதில் படியும் மூடுபனித் துளிகளைக் குழாயில் இறக்கிச் சேமிக்கிறார்கள். இதில் எந்தக் காரணத்தை மட்டும் தனியாக எடுத்துச் சொன்னாலும் விளக்கம் அரைகுறைதான்.

அப்புறம் வளிமண்டலம். ஓசோன் ஓட்டை வழியாக வெயில் கூடுதலாக உள்ளே வந்து பூமி சூடாகிறது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். ஓசோன் தடுப்பது புற ஊதாக் கதிரை. பூமி சூடாவதோ தரையிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிரை சில வாயுக்கள் பிடித்துவைப்பதால். காற்றில் 99 சதவீதமான நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்த வேலையைச் செய்வதில்லை. செய்பவை நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்றவை. இவை இல்லையென்றால் பூமியின் சராசரி 15 டிகிரிக்குப் பதிலாக மைனஸ் 18 அளவில் இருந்திருக்கும். காற்றில் வெறும் 0.04 சதவீதமே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும்: மீதி 99 சதவீதம் இந்தக் கணக்கிலேயே சேராது.

நீராவிதானே அதிக வெப்பத்தைப் பிடிக்கிறது, பிறகு ஏன் கார்பன் டை ஆக்சைடைக் குறை சொல்கிறீர்கள் என்பது கொஞ்சம் விவரமானவர்கள் கேட்கும் கேள்வி. நீராவி பத்து நாட்களுக்குள் மழையாக இறங்கிவிடும். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அதாவது கார்பன் டை ஆக்சைடு போன்ற மற்றொன்று தொடங்கிவைக்கும் வெப்பத்தை அது பெருக்குகிறது; தானாகத் தொடங்கிவைப்பதில்லை.

ஒரு வாரக் குளிரை வைத்துக் காலநிலையைப் பற்றித் தீர்ப்பு சொல்வது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வானிலையாளர்கள் 30 ஆண்டுச் சராசரியை எடுக்கிறார்கள். இப்போது பயன்பாட்டில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலானது.

கடைசியாக, ‘காலநிலை முன்பும் மாறியதுதானே’ என்ற வாதம். மாறியது, உண்மை. அச்சின் சாய்வு சுமார் 41,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று கூடிக் குறைகிறது. சுற்றுப்பாதையின் வடிவம் சுமார் 1,00,000 ஆண்டுச் சுழற்சியில் மாறுகிறது. பனியுகங்களின் தாளம் இவற்றோடு பொருந்துகிறது. ஆனால் இவை ஒரு மனித ஆயுளுக்குள் கண்ணில் படுகிற அளவுக்கு வேகமானவை அல்ல. சூரியனை 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துவருகின்றன. அதன் 11 ஆண்டுச் சுழற்சியில் ஒளி மாறுவது சுமார் 0.1 சதவீதம், நீண்டகால ஏற்றம் எதுவும் இல்லை. சூரியன்தான் காரணமென்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கான ஸ்ட்ரேட்டோஸ்பியரும் சூடாகியிருக்க வேண்டும், அது குளிர்ந்துவருகிறது. கடந்த பனியுகம் முடிந்தபோது கார்பன் டை ஆக்சைடு சுமார் 80 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) உயர ஏறக்குறைய 7,000 ஆண்டுகள் பிடித்தன. தொழிற்புரட்சிக்கு முன் 280 பிபிஎம் இருந்தது இன்று 420ஐத் தாண்டியிருக்கிறது, இந்த உயர்வில் பாதிக்கு மேல் 1985க்குப் பிறகு சேர்ந்தது.