தண்டர்பேர்ட் சர்வருடன் இணையாதபோது எங்கிருந்து தொடங்குவது?

தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் நிரல், அஞ்சல்களை வைத்திருக்கும் நிறுவனத்தின் கணினியான சர்வருடன் இணையவில்லை என்றதும் பலர் முதல் வேலையாகக் கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். பாப் (POP) என்ற முறையில் அஞ்சல்களைத் தங்கள் கணினிக்கே இறக்கிக்கொள்பவர்களுக்குப் பழைய அஞ்சல்கள் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கக்கூடும். கணக்கோடு அவற்றையும் அழித்துவிட்டால் சர்வரிலிருந்து திரும்பப் பெற முடியாது. தண்டர்பேர்ட் நிரலில் ஜிமெயில் கணக்கு வைத்திருப்பவரை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். மற்ற நிறுவனங்களின் கணக்குகளுக்கும் வரிசை இதுவே. சர்வர் முகவரி போன்ற விவரங்கள் மட்டும் மாறும்.

படி 1: பழுது நிரலில்தானா என்று பாருங்கள்

அதே கணினியில் பிரவுசரைத் திறந்து ஜிமெயிலுக்குள் நுழையுங்கள். அங்கும் திறக்கவில்லை என்றால் கோளாறு இணைய இணைப்பில் இருக்கலாம். தண்டர்பேர்டின் அமைப்புகளில் கை வைக்காதீர்கள். சான்றிதழ் (தளம் உண்மையானதுதான் என்று காட்டும் மின்னணு அடையாளம்) சரியில்லை என்று பிரவுசர் எச்சரித்தால் கணினியின் தேதியைக் கவனியுங்கள். பழைய மேசைக் கணினிகளில் மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குச் சென்றுவிடும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ் செல்லாது என்பதால் பாதுகாப்பான இணைப்பு எதுவும் உருவாகாது.

பிரவுசரில் அஞ்சல் திறந்தால், தண்டர்பேர்ட் ஆஃப்லைன் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இடது கீழ் மூலையில் உள்ள சிறு குறியைத் தவறுதலாக ஒருமுறை தட்டினாலே அந்த நிலைக்குப் போய்விடும்.

படி 2: பிழைச் செய்தியை முழுவதுமாகப் படியுங்கள்

சர்வருக்குள் நுழைய முடியவில்லை, கடவுச்சொல் தவறு என்ற பொருளில் செய்தி வந்தால் சர்வர் வரை இணைப்பு போய்ச் சேர்ந்துவிட்டது; நேராகப் படி 4-க்குச் செல்லலாம். நேரம் கடந்துவிட்டது என்றோ இணைப்பு மறுக்கப்பட்டது என்றோ வந்தால் முகவரி, போர்ட் (சர்வருக்குள் நுழையும் வாசலின் எண்), ஃபயர்வால் (இணைப்புகளை வடிகட்டித் தடுக்கும் பாதுகாப்பு) ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். அஞ்சல் வருகிறதா, போகிறதா என்பதையும் தனித்தனியே சோதியுங்கள். பெறுவதற்கு ஒரு சர்வரும் அனுப்புவதற்கு இன்னொரு சர்வரும் இருப்பதால் ஒன்று வேலை செய்து மற்றொன்று நின்றுபோவது சாதாரணம்.

படி 3: முகவரியும் போர்ட்டும்

அக்கவுண்ட் செட்டிங்ஸ் பகுதியில், அஞ்சல்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறைக்குப் பெறும் சர்வர் ஐமேப்.ஜிமெயில்.காம் (imap.gmail.com), போர்ட் 993, பாதுகாப்பு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் (SSL/TLS, தொடக்கம் முதலே பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கும் முறை) என்று இருக்க வேண்டும். அனுப்பும் சர்வர் எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம் (smtp.gmail.com), அதற்குப் போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ் (STARTTLS, சாதாரணமாகப் பேசத் தொடங்கிப் பிறகு குறியாக்கத்துக்கு மாறும் முறை). முகவரிகளை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் தட்டுங்கள்.

இந்த ஜோடியை மாற்றிப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. 465-இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று வைத்தால், சர்வர் முதலில் வரவேற்புச் செய்தி அனுப்பும் என்று நிரல் காத்திருக்கும். நிரல் முதலில் குறியாக்கத்தைத் தொடங்கும் என்று சர்வர் காத்திருக்கும். நீங்க முதலில், நீங்க முதலில் என்று வாசலிலேயே நின்றுவிடும் இரு விருந்தாளிகளைப் போல இரண்டும் நேரம் முடியும்வரை நிற்கும். போர்ட் 25-ஐப் பயன்படுத்தவே வேண்டாம். எரிதங்களை (ஸ்பேம்) தடுப்பதற்காகப் பல இணையச் சேவை நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் அதை அடைத்து வைத்திருக்கின்றன.

படி 4: கடவுச்சொல்

2022 மே 30 முதல், கணக்கின் வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொண்டு நுழையும் பழைய முறையைக் கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு நிறுத்தத் தொடங்கியது. ஆகவே கடவுச்சொல் சரியாக இருந்தும் நிரல் அதை ஏற்கவில்லை என்றால், பெறும் சர்வர், அனுப்பும் சர்வர் இரண்டிலும் அங்கீகார முறையை ஓஆத்2 (OAuth2, கூகுளின் சாளரத்திலேயே நுழைந்து நிரலுக்கு அனுமதி தரும் முறை) என்று மாற்றுங்கள். பிறகு சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ் பட்டியலில் இந்தக் கணக்குக்குரிய பழைய பதிவுகளை நீக்கிவிட்டு, நிரலை மூடித் திறந்தால் கூகுளின் நுழைவுச் சாளரம் தோன்றும். அந்தச் சாளரம் பாதியில் நின்றால், தண்டர்பேர்டின் பிரைவசி அமைப்பில் குக்கிகளை (தளங்கள் கணினியில் வைக்கும் சிறு குறிப்புகளை) அனுமதித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஓஆத்2 வசதி இல்லாத பழைய நிரல் என்றால், இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, கூகுள் கணக்கில் 16 எழுத்துள்ள செயலிக் கடவுச்சொல் (ஆப் பாஸ்வேர்ட்) ஒன்றை உருவாக்கி அதை இடலாம்.

படி 5: ஆன்டிவைரஸ்

இவ்வளவுக்குப் பின்னும் இணையவில்லை என்றால், ஆன்டிவைரஸ் நிரலில் அஞ்சலைச் சோதிக்கும் பகுதியை மட்டும் சிறிது நேரம் நிறுத்திப் பாருங்கள். குறியாக்கிய இணைப்பின் நடுவே அது தன் சொந்தச் சான்றிதழைக் காட்டும்போது தண்டர்பேர்ட் அதை நம்ப மறுக்கலாம். நிறுத்தியதும் அஞ்சல் வந்தால், தண்டர்பேர்டுக்கு விதிவிலக்கு அளித்துவிட்டு அந்தப் பகுதியை மீண்டும் இயக்கிவிடுங்கள்.