தேயிலை வாங்குகிறவர்கள் கோட்டை விடும் இடங்கள்

இலங்கை மலையகத் தேயிலையை வாங்கி ஏற்றுமதி செய்கிற கம்பனிகளிடம் வெளிநாட்டுக் கொள்வனவாளர்கள் இப்போது ரகத்தையும் விலையையும் மட்டும் கேட்பதில்லை. கொழுந்து எடுத்தவர்களைத் தோட்டம் எப்படி நடத்துகிறது என்றும் கேட்கிறார்கள். ஜெர்மனியில் 2023இல் விநியோகச் சங்கிலிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அங்குள்ள பெரிய கம்பனிகள் இதை விசாரித்தே ஆகவேண்டும். விசாரிக்கிற விதத்தில்தான் கோளாறு.

சான்றிதழைக் கண்டதும் கோப்பை மூடிவிடுகிறார்கள். ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ், ஃபெயார்ட்ரேட் முத்திரைகள் வீண் என்று சொல்லவரவில்லை. ஆனால் பரிசோதகர் வரும் திகதி முன்கூட்டியே தெரிந்துவிட்டால், மருந்தடிக்கிறவர் கைக்கு அன்றைக்கு மட்டும் புதுக் கையுறை வந்துவிடும்.

அப்புறம் சம்பளம். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று உயர்ந்தது. சம்பளப் பட்டியலில் அந்தந்தக் காலத்துத் தொகை சரியாகவே இருக்கும். ஆனால் தோட்டம் சொல்கிற கிலோவை எடுக்காவிட்டால் முழுப் பேர், அதாவது ஒரு நாளின் முழுச் சம்பளம், விழாது, அரைப் பேர்தான். 18 கிலோ கேட்கிற தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு 19 காட்டுகிறது. சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று என்று கழித்து 17 எழுதினால், அன்றைய முழுப் பேர் போயிற்று. மழைக்காலத்தில் கழிவு இன்னும் கூடும். ஆகவே சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். நேற்று எத்தனை கிலோ கழித்தார்கள், போன மாதம் எத்தனை பேர் விழுந்தது என்று கேளுங்கள்.

அதையும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் ஆபீசில் வைத்துக் கேட்டுப் பயனில்லை. கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களை மேற்பார்க்கும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பெரும்பாலும் ஆண்கள். இந்த ஆண்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால் எந்த அக்கா வாய் திறப்பார்? தமிழ் பேசும் ஒரு பெண்ணை, வேலை முடிந்த நேரத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு அனுப்புங்கள்.

"ஏலத்தில் வாங்கினோம், எந்தத் தோட்டம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள் சிலர். சாக்குப்போக்கு. கொழும்பு ஏலம் 1883இலிருந்து நடக்கிறது. அதன் பட்டியலில் ஒவ்வொரு தொகுதிக்கும் தோட்டத்தின் அல்லது தொழிற்சாலையின் விற்பனைப் பெயர் இருக்கிறது. கலவை போட்ட பிறகுதான் தடம் அழிகிறது, அதற்குமுன் எழுதிவைத்தால் போதும். தொழிற்சாலை வெளியாரிடமும் கொழுந்து வாங்குகிறதா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று. ஒரே கம்பனியில் ஒரு மேசை தோட்டத்துக்குப் பொறுப்புடைமைப் படிவம் அனுப்பும், பக்கத்து மேசை விலையை இன்னும் குறைக்கச் சொல்லும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. அந்த வருடம் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் உற்பத்தி, 2022இல் 25 கோடியளவுக்கு இறங்கியது. அப்படிப்பட்ட காலத்திலும் நேரடியாக வாங்குகிறவர் பழைய விலையிலேயே நின்றால், பாரம் யார் தலையில் இறங்கும்? வேலை நாட்கள் குறையும், லயத்துக் கூரைத் தகரம் மாற்றுவது அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். படிவத்தை அனுப்புகிறவரும் விலை பேசுகிறவரும் ஒரே கூட்டத்தில் உட்காரவேண்டும்.

பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்துப் படம் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொடுங்கள், ஆனால் அதைச் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குறை கண்டதும் வாங்குவதை நிறுத்துவது இன்னொரு தவறு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 சதவீதம் பிடித்துக்கொண்டு, தன் பங்கு 12 சதவீதத்தைக் கம்பனி கட்டாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒதுங்கினால் வேலை குறையும், நிலுவை அப்படியே கிடக்கும். எழுத்தில் தவணை கொடுங்கள், அதுவரை வாங்குங்கள். தவணை முடிந்ததும் கம்பனி நீட்டும் ரசீதோடு நின்றுவிடாமல், தொழிலாளியின் நிதிக் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.