ஒரே கல், இரண்டு கையேடு: எதை நம்பி வாங்குவது என்று சோதித்துப் பார்க்கும் முறை

குவார்ட்ஸ் என்கிற ஸ்படிகத்தைப் பற்றி இரண்டு வகைக் கையேடுகள் கிடைக்கின்றன. தலையணைக்கு அடியில் வைத்தால் மனம் அமைதியாகும், உடம்பில் சக்தி ஓட்டம் சீராகும் என்று கிரிஸ்டல் ஹீலிங் கையேடு சொல்கிறது. அதே குவார்ட்ஸை மெல்லிய கவைபோல் அறுத்து மின்சாரம் கொடுத்தால் நொடிக்கு 32,768 முறை அதிரும், ஒரு நாளில் இத்தனை நொடி பிசகும் என்று எலக்ட்ரானிக்ஸ் டேட்டாஷீட், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத்தாள், சொல்கிறது. இரண்டிலும் அட்டவணை உண்டு, படம் உண்டு, நிதானமான நடையும் உண்டு. புதிதாக வாங்குகிறவருக்கு இரண்டும் ஒரே அளவு நம்பகமாகத்தான் தெரியும்.

கல் சேகரிக்க ஆரம்பித்திருக்கிறவர்கள், ராசிக்கல் வாங்கும் முன் படித்துப் பார்க்க நினைக்கிறவர்கள், சாலிடரிங் அயர்னை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். புத்தகத்தைப் புரட்ட அரை மணி நேரமும், வீட்டில் ஒரு டிஜிட்டல் தராசும் இருந்தால் போதும்.

படி 1: கேள்வியோடு போங்கள்

கையேட்டை யாரும் கதைப் புத்தகம்போல் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. வேலைக்கு நடுவில், ஒரு கேள்வியோடு திறக்கிறோம். அதனால் திறக்கும் முன்பே மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒன்றுக்காவது பதில் உங்களுக்கு ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். உதாரணமாக: செவ்வந்திக்கல்லை (அமெதிஸ்ட்) வெயிலில் வைக்கலாமா? மாணிக்கத்துக்கும் சிவப்பு ஸ்பினலுக்கும் என்ன வித்தியாசம்? 5 வோல்ட்டை நிலையாகத் தரும் 7805 என்ற ஐசிக்குக் குறைந்தது எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும்?

சரி, இப்போது பின்பக்கச் சொல்லடைவைத் திறந்து தேடுங்கள். சொல்லடைவே இல்லையென்றால் அந்தப் புத்தகத்தைக் கையேடு என்று வாங்க வேண்டியதில்லை. பிடித்திருந்தால் வாசிக்க வாங்குங்கள், அது வேறு விஷயம்.

படி 2: எண்ணைப் பிடித்து வீட்டிலேயே அளந்து பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. நல்ல கனிமக் கையேடு ஒவ்வொரு கல்லுக்கும் சில எண்களைத் தரும். அவற்றில் நாமே வீட்டில் சரிபார்க்கக்கூடியது ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிட அந்தக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது. குவார்ட்ஸுக்கு 2.65. மாணிக்கம், நீலம் இரண்டும் கொரண்டம் என்ற ஒரே கனிமம்; அதற்கு 4.0. ஸ்பினலுக்கு 3.6. சாதாரணக் கண்ணாடி 2.5 பக்கம் வரும்.

செய்முறை சுலபம். முதலில் கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தராசின் மேல் பாதி தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைத்து, அளவைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. கல்லை ஒட்டிக் காற்றுக் குமிழி இருந்தால் நூலை லேசாக ஆட்டி விரட்டுங்கள். இப்போது தராசு காட்டுவது, கல் விலக்கிய தண்ணீரின் எடை. கல்லின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். 26.5 கிராம் குவார்ட்ஸ் என்றால் தராசு 10 கிராம் பக்கத்தில் நிற்கும்.

பெரிய கல்லில் செய்யுங்கள். ஒரு காரட் என்பது 0.2 கிராம்தான், மோதிரக் கல்லைச் சமையலறைத் தராசு கண்டுகொள்ளாது. தவிர, குவார்ட்ஸும் கண்ணாடியும் கிட்டத்தட்ட ஒரே கனம் என்பதால் அவற்றைப் பிரிக்க இந்தச் சோதனை மட்டும் போதாது. கடினத்தையும் பார்க்க வேண்டும். கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய 5.5, குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும். ஆனால் மாணிக்கமா ஸ்பினலா என்ற சந்தேகத்தை ஒப்படர்த்தியே தீர்த்துவிடும். பிரிட்டிஷ் அரச கிரீடத்தில் 'பிளாக் பிரின்ஸ் ரூபி' என்ற பெயரோடு உட்கார்ந்திருக்கும் பெரிய சிவப்புக் கல்லே ஸ்பினல்தான். அரசர்களையே ஏமாற்றிய ஜோடி இது.

புத்தகத்தின் எண்ணும் உங்கள் தராசும் ஒத்துப்போனால், நீங்கள் அளக்க முடியாத மற்ற எண்களையும் ஓரளவு நம்பலாம். எண்ணே இல்லாமல் 'உயர் அதிர்வு கொண்ட கல்' என்று மட்டும் எழுதியிருந்தால், உங்கள் கையில் அதைச் சரிபார்க்க எந்த வழியும் இல்லை. அதைக் குறித்து வையுங்கள்.

படி 3: பெயரை மறைத்துப் படியுங்கள்

ஒரு கல்லின் பெயரைக் கட்டை விரலால் மறைத்துவிட்டு, அதன் பலன்களைப் பக்கத்தில் இருப்பவரிடம் படித்துக் காட்டுங்கள். 'மன அழுத்தம் குறையும், அன்பு பெருகும், எதிர்மறை எண்ணம் விலகும்.' இது ரோஸ் குவார்ட்ஸா, செவ்வந்திக்கல்லா, சந்திரகாந்தமா? கண்டுபிடிக்க முடியாது. இரண்டு கல்லின் பலனை மாற்றி அச்சடித்தாலும் வாசகருக்குத் தெரியாது என்றால் அந்தப் பத்தியில் தகவல் இல்லை என்று அர்த்தம்.

இதையே 7805, 7812 டேட்டாஷீட்டில் செய்து பாருங்கள். ஒன்று 5 வோல்ட் தரும், இன்னொன்று 12 வோல்ட் தரும். மாற்றி அச்சடித்தால் அன்று மாலையே யாராவது மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

இங்கே இன்னொரு கேள்வி வரும்: பத்துப் புத்தகங்கள் ஒரே மாதிரி சொல்கிறதே? நவரத்தினப் புத்தகங்கள் எல்லாம் மாணிக்கம் சூரியனுக்கு, முத்து சந்திரனுக்கு, பவளம் செவ்வாய்க்கு என்று ஒத்துப்போகின்றன. மரபு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த ஒற்றுமை நல்ல ஆதாரம். அந்த மரபைப் பதிவு செய்யும் புத்தகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கல் உடம்புக்குள் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அது ஆதாரமாகாது. பத்துப் பேரும் ஒரே ஊற்றில் மொண்ட தண்ணீர் அது.

படி 4: 'இது ஆகாது' என்று எங்கே சொல்கிறது?

நிறைய நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான், ஏனென்றால் ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கிரிஸ்டல் கையேடுகளில் 'கல்லைச் சுத்திகரிப்பது' என்று ஓர் அத்தியாயம் இருக்கும்: உப்புத் தண்ணீரில் ஊற வை, வெயிலில் வை, கல் போட்ட தண்ணீரைக் குடி. அந்த அத்தியாயத்தை எடுத்துக் கீழே உள்ளவற்றைத் தேடுங்கள்.

செவ்வந்திக்கல் நீண்ட நாள் வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். செலினைட் என்பது ஜிப்சம். மோஸ் அளவில் 2தான், நகத்தாலேயே கீறலாம், தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு பட்டால் மேற்பரப்பு அரிக்கும். பைரைட்டில் இரும்பு இருப்பதால் உப்புத் தண்ணீர் ஆகாது. மரகதத்தின் விரிசல்களில் பெரும்பாலும் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள்; சூடான சோப்புத் தண்ணீரில் அது வெளியேறிவிடும். மாலகைட் என்பது செம்புக் கனிமம், சின்னபார் என்பது பாதரசமும் கந்தகமும், கலீனாவில் இருப்பது ஈயம். இவற்றைக் குடிநீரில் போடவே கூடாது.

இந்த எச்சரிக்கைகள் உள்ள கையேடு, கல்லைக் கையில் வைத்துப் பழகியவர் எழுதியது. எல்லாக் கல்லையும் உப்புத் தண்ணீரில் ஊற வை என்று பொதுவாக எழுதியவர் செலினைட்டைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தவர் இல்லை. மாலகைட் தண்ணீரைக் குடிக்கச் சொல்லும் புத்தகத்தையும், மாத்திரையை நிறுத்தச் சொல்லும் புத்தகத்தையும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அதற்கு மேல் எந்தப் படியும் தேவையில்லை.

தொழில்நுட்பக் கையேட்டிலும் இதே சோதனைதான். 7805 ஐசியின் எழுத்து நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு. பார்க்க அச்சு அசல் அதேபோல் இருக்கும் 7905 மைனஸ் 5 வோல்ட் தருவது. அதில் கால்களின் வரிசை கிரவுண்ட், உள்ளீடு, வெளியீடு. ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்டினால் ஐசி போய்விடும். இதைக் கொட்டை எழுத்தில் எச்சரிக்கும் புத்தகம் வாங்கத் தகுந்தது. அதேபோல் 7805-க்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட் வேண்டும், 35 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று இரு எல்லைகளையும் சொல்ல வேண்டும்.

டெக்னிக்கல் என்ற பெயர் இருப்பதாலேயே நல்ல கையேடு ஆகிவிடாது. 'எல்இடிக்கு 220 ஓம் ரெசிஸ்டர் போடவும்' என்று மொட்டையாக எழுதிய புத்தகங்கள் ஏராளம். 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடிக்கு அது சரி. எல்இடி 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 3 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 14 மில்லிஆம்பியர் ஓடும். அதே ரெசிஸ்டரோடு 12 வோல்ட்டில் மாட்டினால் 45 மில்லிஆம்பியர். சாதாரண எல்இடிக்கு 20 தான் அளவு. கணக்கைச் சொல்லித் தராமல் விடையை மட்டும் தருகிற புத்தகமும் 'அமைதி தரும் கல்' என்று எழுதிய புத்தகமும் ஒரே குறையைத்தான் கொண்டிருக்கின்றன.

நம் ஊரில் இது பழைய அறிவு. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக் கடைத்தெருவைச் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில், வைரத்தைப் பற்றிச் சொல்லும்போது காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்ற குற்றங்கள் நீங்கியது என்றுதான் இளங்கோவடிகள் ஆரம்பிக்கிறார். எந்தக் கல்லை வேண்டாம் என்று தள்ளுவது என்பதே அன்றைக்கும் முதல் பாடமாக இருந்திருக்கிறது.

படி 5: அறிவியல் பேச்சை உரித்துப் பாருங்கள்

'கைக்கடிகாரத்தில் குவார்ட்ஸ் அதிர்கிறது, ஆகவே அது உங்கள் உடலின் அதிர்வையும் சரிசெய்யும்.' கிரிஸ்டல் புத்தகங்களில் அடிக்கடி வரும் வாதம். முதல் பாதி உண்மை. 1880-ல் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள், குவார்ட்ஸை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டறிந்தார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் அது நெளியும் என்பது அதன் மறுபக்கம். கடிகாரத்தில் பேட்டரிதான் அதை அதிரவைக்கிறது. 32,768 என்ற எண்ணை இரண்டால் பதினைந்து முறை வகுத்தால் ஒன்று வரும். சர்க்யூட் அப்படி வகுத்து வகுத்துத்தான் நொடிக்கு ஒரு துடிப்பை எடுக்கிறது. மேசைமேல் சும்மா கிடக்கும் ஸ்படிகத்தில் பேட்டரியும் இல்லை, அந்த வெட்டும் இல்லை.

டேட்டாஷீட்டில் பிசகு '20 பிபிஎம்' என்று போட்டிருக்கும். பத்து லட்சத்துக்கு 20. ஒரு நாளில் 86,400 நொடி. பெருக்கிப் பார்த்தால் நாளைக்கு அதிகபட்சம் 1.7 நொடி. தான் எவ்வளவு தவறலாம் என்பதையும் அது சொல்லிவிடுகிறது. கையேட்டில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

கல்லைப் பிடித்தால் கைக்குள் குறுகுறுப்பும் வெதுவெதுப்பும் தெரிகிறதே என்றால், தெரியும்தான். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் குழு, 2001-ல் வெளியிட்ட சோதனையில் 80 பேருக்கு உண்மையான குவார்ட்ஸையும் போலிக் கல்லையும் பிரித்துக் கொடுத்தது. இரு தரப்பும் ஒரே மாதிரி உணர்வுகளைச் சொன்னார்கள். உணர்வு பொய்யில்லை, அது கல்லிலிருந்து வரவில்லை.

இன்னொரு கிடுக்கிப்பிடிக் கேள்வியும் இருக்கிறது. சந்தையில் சிட்ரின் என்று விற்கும் மஞ்சள் கல்லில் பெரும்பகுதி, சூளையில் சூடேற்றிய செவ்வந்திக்கல். உங்கள் கையேடு இரண்டுக்கும் தனித்தனிப் பலன் போட்டிருந்தால், சூடேற்றிய கல்லுக்கு எந்தப் பலன் என்று தேடிப் பாருங்கள். சூடேற்றுவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாவிட்டால் வாங்கும்போதே விலையில் ஏமாறுவீர்கள், பலன் ஒருபுறம் இருக்கட்டும்.

படி 6: பதிப்பைப் பாருங்கள்

இது சின்ன வேலை. கனிமத்தின் ஒப்படர்த்தி மாறாது, அதனால் பழைய கனிமப் புத்தகம் இன்றும் உதவும். மென்பொருள் கையேட்டில் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஐசி தயாரிப்பாளர்கள் டேட்டாஷீட்டில் திருத்த வரலாறு போடுவார்கள், சில ஐசிகளுக்குத் தனியாகப் பிழைப் பட்டியலும் வெளியிடுவார்கள். அதைப் பார்த்தால் நம்பிக்கை குறைய வேண்டியதில்லை, கூட வேண்டும்.

படி 7: புத்தகத்தைப் பாதியாகப் பிரித்து மதிப்பிடுங்கள்

பல கிரிஸ்டல் கையேடுகளில் படமும் கனிம விவரமும் நன்றாகவே இருக்கும், பலன் பகுதி மட்டும் மூன்றாம் படியிலேயே விழுந்துவிடும். அப்படிப்பட்ட புத்தகத்தைக் கல்லை அடையாளம் காண வைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு என்றால் மருத்துவரிடம் போங்கள். அட்டையிலேயே பென்சிலால் 'நிறம், கடினம் சரி; பலன் பகுதி வேண்டாம்' என்று எழுதிவைத்தால் வீட்டில் அடுத்து எடுக்கிறவருக்கும் உதவும்.

வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்க நூலகம்தான் நல்ல இடம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கன்னிமாராவும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. பாடத்துக்கு ஓர் எண் தரும் ட்யூயி முறையில் அடுக்கிய நூலகம் என்றால் கனிமவியல் 549-ல், ரத்தினக் கற்கள் 553.8-ல், எலக்ட்ரானிக்ஸ் 621.381-ல் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு புத்தகம் எடுத்து, முதல் படியில் எழுதிய மூன்று கேள்விகளோடு உட்காருங்கள்.