விண்டோ மேனேஜரை பேக்கேஜ் ஆக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் மதுரைப் பக்கம் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. டெபியன் என்ற லினக்ஸைப் போட்டு, கனமான டெஸ்க்டாப்பைத் தவிர்த்து, திரையில் ஜன்னல்களை மட்டும் கவனித்துக்கொள்ளும் சின்ன விண்டோ மேனேஜர் ஒன்றை ஏற்றினால் அவற்றில் பலதும் எழுந்து நிற்கும். அப்படி ஓட்டிப் பழகிய கல்லூரிப் பிள்ளைகள் சிலர் தங்களுக்குப் பிடித்த விண்டோ மேனேஜரைத் தாங்களே டெபியனில் நிறுவத்தக்க பேக்கேஜ் ஆக்க வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் விழுந்து எழுந்த அதே குழிகளில் அதே வரிசையில் விழுகிறார்கள்.

சேஞ்ச்லாக்கில் இடைவெளி தப்பு, விவரணையில் புள்ளி தப்பு போன்றவற்றை பேக்கேஜைச் சோதிக்கும் லின்டியன் கருவியே சொல்லிவிடும். அதன் கண்ணில் படாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

"என் லேப்டாப்ல நல்லாத்தான் ஓடுது, அண்ணே"

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். உங்கள் லேப்டாப்பில் ஓடுவது யாருக்கும் பயன்படாத தகவல். 2019-லிருந்து, நீங்கள் உங்கள் கணினியில் கட்டிய பைனரி, டெபியனின் அடுத்த வெளியீடு தயாராகும் டெஸ்டிங் கிளைக்குள் போவதில்லை. மூலநிரலை மட்டும் அனுப்புகிறீர்கள். டெபியனின் பில்டு சர்வர்கள் அதைப் புதிதாகக் கட்டுகின்றன. அங்கே அடிப்படைக் கருவிகளும் பேக்கேஜின் கன்ட்ரோல் கோப்பில் பில்டு-டிபெண்ட்ஸ் (கட்டத் தேவையானவை) என்று நீங்கள் எழுதியவையும் மட்டும்தான் இருக்கும்.

எழுத மறந்தால் பில்டு உடைந்துவிடும், திருத்திக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். உடைந்தால் அதிர்ஷ்டம். உடையாமல் போவதுதான் ஆபத்து.

திருப்பரங்குன்றம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடந்தது இது. ஒரு மாணவர் சின்ன விண்டோ மேனேஜர் ஒன்றை பேக்கேஜ் ஆக்கினார். ஜன்னல் தலைப்பை பாங்கோ என்ற எழுத்து லைப்ரரி வழியாக எழுதும் வசதி அதில் உண்டு, ஆனால் கட்டாயமில்லை. கட்டும் முன் கணினியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் பாங்கோ இருந்தால் சேர்த்துக்கொள்ளும், இல்லையென்றால் சத்தமில்லாமல் எக்ஸ்எஃப்டி என்ற எளிய லைப்ரரியோடு நிறுத்திக்கொள்ளும். வேறொரு ப்ராஜெக்டுக்காக எப்போதோ போட்ட பாங்கோ டெவலப்மென்ட் கோப்புகள் அவர் லேப்டாப்பில் ஏற்கெனவே இருந்தன. பில்டு-டிபெண்ட்ஸில் எழுதவில்லை. அவரிடம் தமிழ்த் தலைப்பு அழகாக வந்தது.

அதே மூலநிரலை நண்பர், அந்தக் கோப்புகள் இல்லாத லேப் கணினியில் கட்டினார். ஒரு பிழைச் செய்தியும் இல்லை. எல்லாக் கணினிகளிலும் நிறுவினார்கள். அப்புறம் 'மதுரை' என்று பெயரிட்ட கோப்பைத் திறந்தால் தலைப்புப் பட்டையில் த தனியாக, உகரக் குறி தனியாக, ஐகாரக் குறி ர-வுக்குப் பின்னால் நின்றது. பிரவுசருக்குள் இருந்த தமிழ் மட்டும் ஒழுங்காகவே தெரிந்தது.

எல்லோரும் ஃபான்ட் மேல் பழி போட்டார்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டார்கள், லோஹித் தமிழ் போட்டார்கள், ஃபான்ட் கேஷைப் புதுப்பித்தார்கள். ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. எழுத்துக்குப் பதில் கட்டம் வந்தால் ஃபான்ட் இல்லை என்று அர்த்தம். எழுத்து வந்து, குறிகள் மட்டும் இடம் மாறியிருந்தால் ஷேப்பிங், அதாவது குறிகளை உரிய இடத்தில் சேர்க்கும் வேலை, நடக்கவில்லை என்று அர்த்தம். எக்ஸ்எஃப்டி ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையில் வரைந்துவிட்டுப் போகும். ஐகாரத்தை முன்னே கொண்டுவருவது அதன் வேலையல்ல. ஹார்ஃப்பஸ் என்ற ஷேப்பிங் லைப்ரரியின் துணையோடு பாங்கோதான் அதைச் செய்யும். ஓபன்பாக்ஸ் என்ற விண்டோ மேனேஜரில் தமிழ்த் தலைப்பு சரியாக வருவதும், எக்ஸ்எஃப்டியை மட்டும் நம்பும் டிடபிள்யூஎம் என்ற விண்டோ மேனேஜரில் உடைவதும் இதனால்தான்.

ஆங்கிலத் தலைப்பை மட்டும் பார்க்கிறவருக்கு இந்தக் குறை கண்ணிலேயே படாது. பிழை அறிக்கையும் வராது. நம் ஆட்கள்தான் 'லினக்ஸில் தமிழ் சரியா வராது' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என் எரிச்சலின் காரணம் அதுதான்.

எஸ்பில்டு அல்லது பிபில்டர் கொண்டு சுத்தமான சூழலில் கட்டுங்கள். அது முதல் வேலை. அது மட்டும் போதாது, ஏனென்றால் மேலே சொன்ன பேக்கேஜ் அங்கேயும் பிழையின்றிக் கட்டிவிடும். கட்டும் படிகளைச் சொல்லும் ரூல்ஸ் கோப்பில் கான்ஃபிகருக்கு 'பாங்கோ வேண்டும்' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒழுங்காக எழுதப்பட்ட ஸ்கிரிப்ட் என்றால் பாங்கோ இல்லாதபோது அங்கேயே நின்றுவிடும். எல்லா ஸ்கிரிப்டும் ஒழுங்கானதல்ல. அதனால் பில்டு லாக்கில் கான்ஃபிகர் முடிவில் வரும் சுருக்கத்தைப் படியுங்கள். பிறகு உருவான டெப் கோப்பின் (நிறுவும் பேக்கேஜின்) டிபெண்ட்ஸ் வரியில் பாங்கோ லைப்ரரி இருக்கிறதா பாருங்கள். அந்த வரியை டிஹெச்-ஷ்லிப்டெப்ஸ் என்ற கருவி பைனரியைப் பார்த்துத்தான் நிரப்புகிறது. வரியில் இல்லையென்றால் பைனரி அதோடு இணையவில்லை.

சொந்தக் கணினியில் கட்டிய டெப்பை நண்பருக்கு அனுப்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. டெபியன் 13-ல் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரி 2.41, டெபியன் 12-ல் 2.36. புதியதில் கட்டியது பழையதில் நிறுவ மறுக்கலாம். அது குறைந்தபட்சம் வாய்திறந்து சொல்லிவிட்டு மறுக்கும்.

டெர்மினல் திறக்காத விண்டோ மேனேஜர்

டிஹெச்-ஷ்லிப்டெப்ஸுக்கு லைப்ரரிதான் தெரியும். விசையை அழுத்தினால் ஓடவேண்டிய புரோகிராம் எது என்று அதற்குத் தெரியாது. டிடபிள்யூஎம்மின் அசல் கான்ஃபிக்.ஹெச் கோப்பில் டெர்மினல் என்றால் எஸ்டி, மெனு என்றால் டிமெனு. இரண்டும் இல்லாத கணினியில் புதியவர் உள்ளே நுழைந்தால் வெறும் திரை. டெர்மினலுக்கோ மெனுவுக்கோ உரிய விசையை அழுத்தினால் பதில் இருக்காது. வெளியே வரும் விசையும் தெரியாது. எஸ்டி என்பதை, கணினியில் இயல்பாக உள்ள டெர்மினலைத் திறக்கும் எக்ஸ்-டெர்மினல்-எமுலேட்டர் என்று பேட்ச் செய்யுங்கள். டிமெனு வரும் சக்லெஸ்-டூல்ஸ் பேக்கேஜை ரெகமெண்ட்ஸ் (பரிந்துரை) வரியில் போடுங்கள். டிபெண்ட்ஸில் எக்ஸ்டெர்மைக் கட்டிப்போட வேண்டாம். அவரவருக்குப் பிடித்த டெர்மினல் இருக்கும்.

கூடவே எக்ஸ்செஷன்ஸ் கோப்புறையில் ஒரு டெஸ்க்டாப் கோப்பு. அது இல்லாவிட்டால் லாகின் திரையில் உங்கள் விண்டோ மேனேஜரின் பெயரே வராது.

பயனரின் ஹோம் டைரக்டரி

நிறுவல் ஸ்கிரிப்ட் அந்தப் பக்கமே போகக்கூடாது.

முன்னுரிமை எண்

பல விண்டோ மேனேஜர்களில் எது இயல்பாக ஓடும் என்று தீர்மானிக்கும் எக்ஸ்-விண்டோ-மேனேஜர் என்ற ஆல்டர்நேட்டிவுக்கு 'எனக்கு 100' என்று ஆசையாகப் போடுகிறார்கள். டெபியன் பாலிசியில் இதற்குக் கணக்கு இருக்கிறது: 20-ல் தொடங்கவேண்டும், ஃப்ரீடெஸ்க்டாப்பின் விண்டோ மேனேஜர் விதிமுறைக்கு இணங்கினால் 40 கூட்டலாம். திரையை நடத்தும் எக்ஸ் சர்வரைக் கொல்லாமல் வேறு விண்டோ மேனேஜருக்கு மாற முடிந்தால் இன்னும் 10. பாதி மட்டும் இணங்குவதற்கு 40 போடுகிறவர்களோடு சண்டை போட்டு அலுத்துவிட்டது.

ஆர்சி பதிப்பு

இறுதி வெளியீட்டுக்கு முந்தைய ஆர்சி பதிப்புக்கு 2.0ஆர்சி1 என்று எண் கொடுத்தால், பின்னால் வரும் 2.0-வை அதைவிடப் பழையது என்று பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி எடுத்துக்கொள்ளும். நடுவில் டில்டே போட்டு 2.0~ஆர்சி1 என்று கொடுங்கள். தவறவிட்டால் பதிப்பெண்ணுக்கு முன்னால் எபாக் என்ற எண்ணைச் சேர்க்கவேண்டி வரும். சேர்த்ததைப் பிறகு எடுக்க முடியாது.

லைசென்ஸ்

நிரலின் லைசென்ஸ் எம்ஐடி என்றால் கூடவே வரும் ஐகான்களும் தீம்களும் எம்ஐடி ஆகிவிடாது. காப்பிரைட் கோப்பை எழுதும் முன் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பாருங்கள்.